முன்னோர் சென்ற கடல் வழியே...

வடகடலில் தடம் தேடும் சிறு கப்பல்கள். தென்கடலில் கயிற்றால் தைத்த கப்பல்

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் வேலை பார்க்கும் தமிழர்களுக்குக் கயிற்றுக் கடை புதிதல்ல. தென்னை நாரில் முறுக்கிய கயிற்றைச் சுருள் சுருளாகக் கடை வாசலில் தொங்கவிட்டிருப்பார்கள். மூட்டை கட்டவும், பந்தல் போடவும், கிணற்றில் நீர் இறைக்கவும் அதை வாங்கிப் போவார்கள்.

அதே தென்னங்கயிற்றால் ஒரு கப்பலையே தைத்து, அதில் அரபிக் கடலைக் கடந்தவர்கள் உண்டு. இது பாட்டன் காலத்துக் கதையன்று. 2025-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி குஜராத்தின் போர்பந்தரிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பல், 2026 ஜனவரி 14-ஆம் தேதி, நம் பொங்கல் நேரத்தில், ஓமான் நாட்டின் மஸ்கட் துறைமுகத்தை அடைந்தது.

கப்பலின் பெயர் 'கௌண்டின்யா'. இந்தியக் கடற்படையைச் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 20 மீட்டர்தான். எஞ்சின் கிடையாது, பாயும் காற்றுமே துணை. பலகையோடு பலகையைச் சேர்க்க ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருந்தார்கள். இருபது பேருக்கும் குறைவானவர்களே அதில் பயணம் செய்தனர்.

இப்படி ஒரு சிறு கப்பலில் ஏறி, முன்னோர் போன வழியைத் தேடிப் போகும் வழக்கம் உலகின் இன்னொரு மூலையில் நெடுநாளாக இருக்கிறது. பனியும் மூடுபனியும் நிறைந்த வடகடல் நாடுகள் அவை. அவர்கள் செய்ததையும் நம் கடற்கரையில் நடந்ததையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது.

வடகடல் வீரர்கள்

நார்வே, டென்மார்க், ஸ்வீடன் ஆகிய நாடுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கடலோடிகளை 'வைக்கிங்குகள்' என்று உலகம் அழைக்கிறது. கொள்ளைக்காரர்கள் என்றே முதலில் பெயர் வாங்கினார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள், மீனவர்கள், வியாபாரிகள். விளைநிலம் குறைந்த ஊரில் பிறந்தவர்கள் பிழைப்புத் தேடிக் கடல் தாண்டிப் போனார்கள். ஊரை விட்டு வந்து பிழைப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் போன வழி இன்றைக்கு ஒரு சுற்றுலாப் பாதையாகி விட்டது. நூறு, இருநூறு பேர் மட்டுமே ஏறக்கூடிய சிறு கப்பல்கள் கோடை காலத்தில் நார்வேயின் பெர்கன் நகரம் போன்ற துறைமுகங்களிலிருந்து புறப்படுகின்றன. ஆயிரக்கணக்கானோரை ஏற்றும் பெரிய உல்லாசக் கப்பல்கள் நுழைய முடியாத இடுக்கான கடற்கழிகளுக்குள் இவை நுழையும். துறைமுகம் இல்லாத ஊர்களில் ரப்பர்ப் படகுகளில் பயணிகளைக் கரைக்குக் கொண்டு போவார்கள். மாலையில் வரலாறு படித்தவர் ஒருவர் கப்பலிலேயே விரிவுரை செய்வார்.

ஷெட்லாந்து தீவில் ஜார்ல்ஷாஃப் என்னுமிடத்தில் வைக்கிங் வீடுகளின் கல் அடித்தளங்களைக் காட்டுவார்கள். ஃபாரோ தீவில் பழைய சபை கூடிய பாறை முனையைக் காட்டுவார்கள். ஐஸ்லாந்தில் 930-ஆம் ஆண்டு முதல் மக்கள் சபை கூடிய திங்வெல்லிர் சமவெளியைக் காட்டுவார்கள். அதற்கும் அப்பால் கிரீன்லாந்து. இந்தப் பயணத்துக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். குமாஸ்தாவின் சம்பளத்துக்கு எட்டாத சமாசாரம்தான். ஆனால் அங்கே பயணிகள் எதைப் பார்க்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளக் காசு தேவையில்லை.

கிரீன்லாந்தில் அவர்கள் பார்ப்பது, கூரையில்லாமல் நிற்கும் ஒரு கல் மாதாகோயில். ஹ்வால்சே என்பது அந்த இடத்தின் பெயர். 985-ஆம் ஆண்டு வாக்கில் எரிக் என்பவர் தலைமையில் ஐஸ்லாந்திலிருந்து மக்கள் கிரீன்லாந்தில் குடியேறப் போனார்கள். 25 கப்பல்கள் புறப்பட்டு 14 மட்டுமே போய்ச் சேர்ந்தன என்று பழைய ஐஸ்லாந்து நூல் ஒன்று கூறுகிறது. போய்ச் சேர்ந்தவர்கள் ஆடு மாடு வளர்த்து, கடற்பசுவைப் போன்ற வால்ரஸ் என்னும் பிராணியின் தந்தத்தை விற்று, நானூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள்.

அவர்களைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் கடைசிச் செய்தி, 1408-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹ்வால்சே மாதாகோயிலில் நடந்த ஒரு திருமணம். அதற்குப் பிறகு அந்தக் குடியேற்றத்தைப் பற்றிய பேச்சே இல்லை. குளிர் கூடியது; தந்தத்துக்கு விலை போயிற்று; நார்வேயிலிருந்து கப்பல் வருவது குறைந்து நின்றது. கிரீன்லாந்தில் கப்பல் கட்டப் பெருமரம் கிடையாது. எனவே தாய்நாட்டுக் கப்பலை எதிர்பார்த்தே வாழ வேண்டியிருந்தது. கப்பல் வராமற்போன ஊர் காலப்போக்கில் ஆளற்றுப் போயிற்று.

இருவரும் ஒரே காலம்

எரிக் கிரீன்லாந்துக்குப் போன அதே 985-இல்தான் தஞ்சையில் முதலாம் இராசராச சோழன் அரியணை ஏறினான். இது தற்செயலான ஒற்றுமைதான். ஆனால் அடுத்த தலைமுறையிலும் அந்த ஒற்றுமை தொடர்கிறது.

எரிக்கின் வழியில் வந்தவர்கள் மேலும் மேற்கே போய் அமெரிக்கக் கண்டத்தைத் தொட்டார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அவர்கள் தங்கிய இடத்தை, நார்வேயைச் சேர்ந்த ஹெல்கே இங்ஸ்டாட், ஆன் ஸ்டைன் இங்ஸ்டாட் தம்பதியர் 1960-இல் கண்டுபிடித்தனர். அங்கே கிடைத்த மரத்துண்டுகள் 1021-ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை என்று 2021-இல் விஞ்ஞானிகள் மர வளையங்களை எண்ணிக் கணித்தார்கள். கொலம்பஸ் போவதற்கு 471 ஆண்டுகளுக்கு முன்!

அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து, 1025 வாக்கில், இராசராசனின் மகன் இராசேந்திர சோழனின் கப்பற்படை வங்கக் கடலைக் கடந்து ஸ்ரீவிசயம், கடாரம் முதலான இடங்களை வென்றது. அவன் வென்ற ஊர்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அந்தப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு 2025-இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் கொண்டாடப்பட்டது.

ஆக, உலகின் வடகோடியிலும் தென்கோடியிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் மரக்கலங்கள் பெருங்கடலைத் தாண்டின. வென்றவர் பெயர் நம்மிடம் இருக்கிறது; வென்ற ஊர்ப் பெயர்களும் இருக்கின்றன. ஆனால் எந்தக் கப்பலில் போனார்கள்? அது எப்படி இருந்தது? யார் கட்டினார்கள்? சோழர் கப்பல் ஒன்றுகூட முழுதாகக் கிடைத்ததில்லை.

சிகாகோவுக்குப் போன மரக்கலம்

வடகடல் மக்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. தங்கள் பெரியவர்களைக் கப்பலோடு மண்ணில் புதைப்பது அவர்கள் வழக்கம். 1880-இல் நார்வேயில் கோக்ஸ்டாட் என்னும் இடத்தில் ஒரு மேட்டைத் தோண்டியபோது 9-ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று ஏறக்குறைய முழுதாக வெளிவந்தது.

இவ்வளவு இலேசான கலம் பெருங்கடலில் தாங்குமா என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். மாக்னஸ் ஆண்டர்சன் என்ற கப்பல் தலைவர் பேசிக் கொண்டிருக்கவில்லை. அதே அளவில் புதிதாக ஒரு கப்பல் கட்டி, 1893-இல் பெர்கனிலிருந்து நான்கு வாரங்களில் அமெரிக்கா சேர்ந்து, சிகாகோ உலகக் கண்காட்சிக்கே கொண்டு போய்க் காட்டினார். அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வமத மகாசபையில்தான் அதே ஆண்டு சுவாமி விவேகானந்தர் பேசினார். 1892 டிசம்பரில் இதே திருவனந்தபுரத்தில் தங்கி, கன்னியாகுமரி சென்றவர் அவர்.

ஆண்டர்சன் கண்ட உண்மை ஒன்று முக்கியமானது. கப்பலின் அடிப்பாகம் அலைக்கேற்ப வளைந்து கொடுத்தது. வளைந்து கொடுத்ததால்தான் உடையாமல் தப்பியது. ஏட்டில் படித்து இதை யாரும் தெரிந்து கொண்டிருக்க முடியாது. கட்டி ஓட்டிப் பார்த்த பிறகே தெரிந்தது.

டென்மார்க்கில் ராஸ்கில்டே கடற்கழியில் மூழ்கிக் கிடந்த ஐந்து பழைய கப்பல்களை 1962-இல் வெளியே எடுத்தார்கள். அவற்றில் ஒன்று, 1042 வாக்கில் அயர்லாந்தின் டப்ளினில் கட்டப்பட்ட 30 மீட்டர் நீளப் போர்க்கப்பல். அதைப் போலவே ஒன்றைக் கட்டி, அறுபது பேர் அளவில் ஏறி, 2007 ஜூலை முதல் தேதி புறப்பட்டு, ஆகஸ்ட் 14-ஆம் தேதி டப்ளினை அடைந்தார்கள். நனைந்தார்கள், குளிரில் விறைத்தார்கள். ஆனால் பாயை எப்படித் திருப்புவது, சுக்கானைக் கட்டும் வார் எங்கே அறுந்து போகும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது.

பலகை மேல் பலகை படிய வைத்துப் படகு கட்டும் அந்த வடநாட்டு முறையை 2021-இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஊர்க் கோடியில் இன்னும் படகு கட்டிக் கொண்டிருக்கும் தச்சர்களுக்குக் கிடைத்த மரியாதை அது.

வடகடலிலிருந்து மலபாருக்கு

இந்த வடகடல் கதை நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது, டிம் செவரின் என்ற ஒரு மனிதர் வழியாக.

கொலம்பஸுக்கு மட்டுமல்ல, வைக்கிங்குகளுக்கும் முன்பே பிரெண்டன் என்ற அயர்லாந்துத் துறவி தோல் படகில் மேற்கே போனார் என்று ஒரு பழங்கதை உண்டு. தோல் படகில் அது முடியுமா என்று பார்க்க செவரின் துணிந்தார். மரச் சட்டத்தின் மேல் மாட்டுத் தோலைத் தைத்து மூடிய 36 அடிப் படகில் 1976 மே மாதம் அயர்லாந்திலிருந்து புறப்பட்டார். ஃபாரோ, ஐஸ்லாந்து, கிரீன்லாந்துக் கடல் வழியாக 1977 ஜூன் மாதம் நியூஃபவுண்ட்லாந்தில் கரை ஏறினார். பனிக்கட்டி குத்திக் கிழித்த தோலை நடுக்கடலிலேயே ஊசி நூலால் தைத்துச் சமாளித்தார்கள்.

அடுத்து அவருக்குச் சிந்துபாத் கதை மேல் ஆசை வந்தது. பழைய அரபுக் கப்பல் எப்படி இருந்தது என்று ஆராய்ந்தபோது, அவர் கண்டது கயிற்றால் தைத்த கப்பல். அதற்கு வேண்டிய பெருமரம் ஓமானில் இல்லை. மலபார்க் கரையில் இருந்தது. கேரளத்தின் அயினிப் பலாமரமும், தென்னங்கயிறும், கயிற்றால் தைக்கத் தெரிந்த லட்சத்தீவுக்காரர்களும் கடல் தாண்டி ஓமானின் சூர் நகருக்குப் போனார்கள். 'சோஹார்' என்ற அந்தக் கப்பல் 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு, கோழிக்கோடு, இலங்கை வழியாக 1981 ஜூலையில் சீனாவின் கான்டன் நகரைச் சேர்ந்தது. இன்று அது மஸ்கட்டில் ஒரு சாலைச் சந்திப்பின் நடுவே நிற்கிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன எத்தனையோ பேர், அதன் மரமும் கயிறும் எங்கிருந்து வந்தன என்று தெரியாமலே அதைக் கடந்து போயிருப்பார்கள்.

2010-லும் ஓமான் அரசு 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்னும் பெயரில் இன்னொரு தைத்த கப்பலைக் கட்டி, கொச்சி, காலி துறைமுகங்கள் வழியாகச் சிங்கப்பூருக்கு அனுப்பி அன்பளிப்பாகக் கொடுத்தது. இந்தோனேசியக் கடலில் 1998-இல் கண்டெடுத்த 9-ஆம் நூற்றாண்டுக் கப்பலின் மாதிரி அது. அந்தத் தையலுக்கும் இந்தியக் கைகள் வேண்டியிருந்தன.

ஆணியா, கயிறா?

கப்பலைத் தைப்பது என்றால் துணி தைப்பது போலவா என்று சிலர் கேட்கலாம். கிட்டத்தட்ட அப்படித்தான்.

பலகையைச் சூடேற்றி வளைத்து, அடுத்த பலகையோடு விளிம்பு சேர நிறுத்துவார்கள். இரண்டிலும் ஓரமாக வரிசையாகத் துளை போடுவார்கள். இணைப்பின் மேல் தேங்காய் நாரை நீளமாக வைத்து, அதன் மேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக நின்று இழுத்து இறுக்குவார்கள். பின்னர் துளைகளை அடைத்துக் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவார்கள். தண்ணீரில் நார் உப்பி இணைப்பை அடைத்துக் கொள்ளும்.

இதில் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதுதான் வித்தை. குறைவாக இழுத்தால் நீர் கசியும். மிகுதியாக இழுத்தால் பலகை பிளக்கும். அந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. இழுக்கிறவன் கைக்குத்தான் தெரியும்.

13-ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ் துறைமுகத்தில் தைத்த கப்பல்களைப் பார்த்து, இவை ஆபத்தானவை என்று குறை கூறினார். ஆனால் அலை உடையும் கரையில் மோதி ஏறவேண்டிய படகுக்கு வளைந்து கொடுக்கும் தையல்தான் ஏற்றது. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன் வெள்ளைக்காரத் துரைமார்களும் அவர்களுடைய பெட்டிகளும் கரை சேர்ந்தது மசூலாப் படகில்தான். அதுவும் கயிற்றால் தைத்த படகே. ஆண்டர்சன் நடுக்கடலில் கண்டதை நம் மீனவர்கள் கரையிலேயே அறிந்திருந்தார்கள்.

'கௌண்டின்யா'வைக் கட்டும்போது சிக்கல் இன்னும் கூடுதல். பழைய கப்பலோ, வரைபடமோ இல்லை. கையில் இருந்தது அஜந்தா குகையில் உள்ள 5-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றே. 2023 ஜூலையில் ஒப்பந்தம் போட்டு, செப்டம்பரில் கோவாவில் வேலை தொடங்கினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் மாதிரி செய்து நீரோட்டச் சோதனை நடந்தது. பலகை தைத்தவர்கள், கேரளத்தைச் சேர்ந்த பாபு சங்கரன் தலைமையிலான கைவினைஞர்கள். 2025 பிப்ரவரியில் கப்பல் நீரில் இறங்கியது. மே 21-ஆம் தேதி கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. பொறியியல் படித்தவர்கள் கணக்குப் போட்டுத் தந்தார்கள். தையலுக்கு மட்டும் கேரளக் கரையில்தான் ஆள் தேட வேண்டியிருந்தது.

வலியசாலையும் விழிஞ்ஞமும்

இனி, நாம் வாழும் ஊருக்கு வருவோம்.

சாலைக் கம்போளத்திலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நடந்தால் வலியசாலை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தெரு. அங்குள்ள சிவன் கோயிலுக்குக் காந்தளூர் என்றே பெயர். இராசராசன் தன் மெய்க்கீர்த்தியில் முதல் வெற்றியாகச் சொல்லிக் கொள்வது, காந்தளூர்ச் சாலையில் 'கலம் அறுத்த' செய்தியைத்தான். அந்தக் காந்தளூர் இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து.

'கலம்' என்றால் கப்பல். எனவே சேரரின் கப்பல்களை அழித்தான் என்பர் ஒரு சாரார். 'கலம்' என்றால் உண்கலமும்தான். எனவே சாலையில் மாணவர்க்குக் கொடுத்து வந்த சாப்பாட்டை நிறுத்தினான் அல்லது ஒழுங்கு செய்தான் என்பர் வேறு சிலர். காந்தளூரில் ஒரு பெரிய கல்விச்சாலை இருந்தது உண்மை. 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்க்கு ஒரு சாலை நிறுவியபோது, காந்தளூர் முறைப்படியே அமைத்தான் என்று செப்பேடு கூறுகிறது.

கலம் எதுவானாலும், கப்பல் நின்ற துறை பக்கத்திலேயே இருந்தது. அதுதான் விழிஞ்ஞம். ஆய் மன்னர்களும் பாண்டியரும் சேரரும் சோழரும் மாறி மாறிச் சண்டையிட்ட துறைமுகம். இராசராசன் அதைப் பிடித்ததைக் குறிப்பிடும் திருவாலங்காட்டுச் செப்பேடு, கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என்று வருணிக்கிறது. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு குகைக் கோயில் ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது.

அதே விழிஞ்ஞத்தில் கட்டிய புதிய சரக்குத் துறைமுகத்தை 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதமே 'எம்.எஸ்.சி. ஐரினா' என்ற கப்பல் வந்து நின்றது. நீளம் ஏறத்தாழ 400 மீட்டர். 'கௌண்டின்யா' போன்ற கப்பல்களை வரிசையாக நிறுத்தினால் இருபது பிடிக்கும்.

நீண்டகரைக்கு வந்த நார்வேக்காரர்கள்

வைக்கிங்குகளின் வழிவந்தவர்கள் திருவிதாங்கூர்க் கரைக்கு நேரிலேயே வந்தது உண்டு. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மறு ஆண்டில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வே மீன்பிடித் திட்டம் தொடங்கிற்று. எஞ்சின் படகு, ஐஸ் தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, குடிநீர் எல்லாம் அதோடு வந்தன. பின்னர் எர்ணாகுளத்துக்கு மாறி, 1972-இல் நார்வேயின் பங்கு முடிந்தது.

அதனால் மீன்பிடித் தொழில் பெருகியது. இறால் ஏற்றுமதியாகி அந்நியச் செலாவணி வந்தது. அதே காலத்தில் பழைய படகுத் தொழில் மெல்ல மெல்லப் பின்னால் போனது. திருவனந்தபுரம் கரையில் 1980-களில் பிளைவுட் படகும், பின்புறம் மாட்டும் எஞ்சினும், அதன் பின் ஃபைபர் படகும் வந்தன. கட்டுமரம் குறைந்தது. 'கட்டுமரம்' என்ற தமிழ்ச் சொல்லை 1697-இலேயே டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி தன் நூலில் எழுதிவிட்டார். அந்தச் சொல் இன்று உலகெங்கும் வேறு வகைப் படகுகளுக்கு வழங்குகிறது. சொல்லைத் தந்த மரமோ அபூர்வமாகி வருகிறது.

எஞ்சின் வந்ததைக் குறை கூறுவதற்கில்லை. துடுப்புப் போட்டுக் கை காய்த்தவருக்குத்தான் எஞ்சினின் அருமை தெரியும். மகனை வேறு வேலைக்கு அனுப்பும் தகப்பனையும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. கயிறு தைக்கக் கற்றவனுக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுப்பவர் யார்? முப்பது வருஷத்துக்கு ஒரு முறை ஒரு கப்பலைத் தைக்க அழைத்தால் அதை நம்பி எந்தக் குடும்பம் பிழைக்கும்?

கேட்க வேண்டிய கேள்வி

நார்வேக்காரர்களும் டேனிஷ்காரர்களும் எஞ்சினைக் கைவிடவில்லை. எஞ்சின் கப்பலில் மீன் பிடித்துக் கொண்டே, பழைய முறையில் படகு கட்டும் தச்சனுக்கும் சம்பளம் கொடுத்தார்கள். ராஸ்கில்டேயில் அருங்காட்சியகத்தோடு படகுப் பட்டறையும் நடக்கிறது. பையன்கள் அங்கே கோடரி பிடிக்கப் பழகுகிறார்கள். சிறு கப்பலில் வரும் பயணிகள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட இடங்களுக்கும் போய்ச் சேருகிறது.

நம்மிடம் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த கப்பல் இல்லை. ஆனால் ஒன்று நம்மிடம் அறாமல் இருந்தது. பழைய தையல் முறையை அறிந்த கைகள் 1980-லும் இருந்தன, 2010-லும் இருந்தன, 2025-லும் இருந்தன. ஒவ்வொரு முறையும் அந்தக் கைகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இனி எத்தனை முறை தேடினால் கிடைக்கும் என்பதே கேள்வி. யுனெஸ்கோ பட்டியலில் இந்தியாவின் சார்பில் கூடியாட்டம் போன்ற ஆட்டங்களும் தீபாவளி போன்ற விழாக்களும் ஏறியிருக்கின்றன. படகுக் கலை எதுவும் இன்னும் ஏறவில்லை.

2018 பெருவெள்ளத்தின்போது இதே கரையின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்கள். நாடே கை தட்டியது. அன்று அவர்களுடைய கைத்திறனைப் போற்றிய அரசாங்கம், ஒரு பட்டறையும் நாலு பேருக்கு மாதச் சம்பளமும் கொடுத்தால் போதும். தையல் கலை இன்னொரு தலைமுறைக்குப் போய்ச் சேரும். புதிய துறைமுகத்தின் பக்கத்திலேயே அதற்கு ஒரு கொட்டகை போட இடம் கிடைக்காமல் போகாது.

பல லட்சம் கொடுத்து வடகடல் போக முடியாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கேயே ஒரு சிறு யாத்திரை போகலாம். காலையில் வலியசாலைக் காந்தளூர்க் கோயிலைத் தரிசித்துவிட்டு, கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ் ஏறினால் சுமார் 16 கிலோமீட்டர். குகைக் கோயிலைப் பார்க்கலாம். மீன்பிடித் துறையில் நின்றால் ஒரு பக்கம் மசூதியும் மறு பக்கம் மாதாகோயிலும், தூரத்தில் ராட்சதக் கிரேன்களும் தெரியும்.

பிள்ளைகளையும் அழைத்துச் செல்வது நல்லது. கரையில் வலை பழுது பார்த்துக் கொண்டிருக்கும் பெரியவர் யாராவது இருப்பார். கட்டுமரத்தின் கட்டு எப்படிப் போடுவது என்று பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இந்தக் கரையில் தமிழ் புரியாதவர் குறைவு. கேட்க ஆள் இருந்தால் அவர் முடிச்சுப் போட்டே காட்டுவார்.